கரடிப்போக்கில் நாற்பத்தொன்று

சவர்க்காரப் பெட்டி அளவு.
உள்ளே ஒரு சின்ன விசிறி, ஒரு சிவப்பு வெளிச்சம்.
காற்றை உறிஞ்சி
அதில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத தூசை எண்ணும்.
இதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு
ஸ்கூட்டியில் ஊரை அளக்கிறேன்.
ஆறு மாத ஒப்பந்தம். பெற்றோல் தனி.

காலை ஆறேகால், இரணைமடு அணைக்கட்டு.
ஒன்பது.
நீர்க்காகம் ஒன்று செட்டையை விரித்துக் காயவிடுகிறது.
தண்ணீருக்கு மேலால் வருகிற காற்றில்
எண்ண அதிகம் இல்லை.

கரடிப்போக்குச் சந்தியில் நாற்பத்தொன்று.
அது பஸ் வர முன்னம்.
வந்து, நின்று, உறுமி, வெளிக்கிட்ட பிறகு
நூற்றாறு.
அந்த நூற்றாறுக்குள் நின்று
வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள்
அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டுகிறார்கள்.

டிப்போச் சந்தியிலிருந்து உள்ளுக்கு இருநூறு மீற்றர்.
ஒரு திருப்பம், ஒரு மதில், இரண்டு வேம்பு:
இருபத்திரண்டு.
திரும்பிப் போய் இன்னொருக்கால் அளந்தேன்.
இருபத்திரண்டுதான்.
இந்த ஒழுங்கையில் காணி விலை ஏன் கூட என்று
புரோக்கருக்குத் தெரியாத காரணம் ஒன்று
எனக்குத் தெரிந்துவிட்டது.

முறிகண்டிக்கு அப்பால், காட்டோரம், ஆறு.
என் அட்டவணையில் மிகக் குறைந்த எண்.
காரணம் என்ற பெட்டியில்
எதை எழுத?
சிவப்புத் தடிகள் நட்டிருக்கின்றன.
தடியில் மண்டையோடு.
அங்கே மூச்சு விட ஒருவரும் போவதில்லை.

மாசி. காலபோக நெல் வந்து இறங்குகிற நாட்கள்.
பரந்தன் பக்கம் ஒரு மில்.
லோகேஸ்வரி உமி அள்ளுகிற மூலையில்
பெட்டி கொஞ்சம் திக்கியது.
பிறகு முந்நூற்றெண்பது.

"எத்தினை காட்டுது தங்கச்சி?"
சொன்னேன்.
"இவ்வளவு புள்ளி நான் ஒரு சோதினையிலயும் எடுக்கேல்லை."
சேலைத் தலைப்பை மூக்குக்கு மேலே இழுத்தாள்.
"கூடினா நல்லதோ, குறைஞ்சா நல்லதோ?"
"குறையோணும் அக்கா."
சிரித்தாள். சிரிப்பு இருமலாய்ப் போனது.
மெசின் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை,
தோள் குலுங்கியதைத்தான் பார்த்தேன்.
பதினாறு எட்டுத் தள்ளி
முதலாளியின் கண்ணாடி அறையில்
பதினான்கு. ஏசி ஓடுகிறது.
அதையும் எழுதினேன். நேரம்: பதினொன்று பத்து.

வாடை பிடித்த மூன்று நாள்
கடலுக்கு அங்காலிருந்து ஒரு புகார் வந்து படுத்தது.
வீசா கேட்க ஆளில்லை.
அணைக்கட்டிலும் அறுபது, ஒழுங்கையிலும் அறுபது.
அந்த மூன்று நாளும் எனக்குத் தெரிந்தவர்கள்
காற்றைப் பற்றிக் கதைத்தார்கள்.
காற்று மாறியதும் விட்டுவிட்டார்கள்.
மில்லில் அன்றைக்கும் முந்நூற்றுச் சொச்சம்.

கந்தோரில் கேட்டது ஒரே ஒரு எண்.
"ஊருக்கு ஒன்று போதும் பிள்ளை,
அறிக்கையில ஒரு கட்டம்தான் இருக்கு."
கூட்டிப் பிரித்தேன்.
"இந்த முந்நூற்றெண்பது என்ன?
கருவிப் பிழையாக்கும். எடுத்துவிடுங்கோ."
வரிசையைத் தெரிவுசெய்தேன். நீலமானது.
ஒரு விரல் அழுத்தம்.
கீழே இருந்த வரிசை மேலே ஏறி
அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.
கிளிநொச்சி: முப்பத்தெட்டு. மிதமானது.

இரவு பெட்டியைத் திறந்து
பழைய பற்தூரிகையால் விசிறியைத் துடைத்தேன்.
சாம்பல் நிறப் பஞ்சு ஒன்று கழன்று வந்தது.
எது பஸ், எது சந்தைக் குப்பை, எது கடலுக்கு அங்காலை,
பிரிக்கத் தெரியவில்லை.
ஒன்றைத் தவிர:
நகத்தில் பாதியளவு ஓர் உமித்துண்டு,
பொன்னிறமாய், முழுசாய்.
பெட்டியால் எண்ண முடியாத பருமன்.

கணினியைத் திறந்தேன்.
எடுத்த வரிசையைத் திரும்பத் தட்டினேன்.
பிறகு பக்கத்து மாவட்டத்துத் துசாந்தனுக்கு அழைத்து
அவனுடைய பெட்டியை இரவல் கேட்டேன்.
கருவிப் பிழைதானா என்று பார்க்கவேணும்.
நாளைக்குப் பதினொன்று பத்து, அதே மூலை,
இரண்டு பெட்டி.